பனிமலைக்கு ட்ரிப் போறீங்களா? காலடியில் கேட்கும் அந்த 'வும்ப்' சத்தத்தை அலட்சியப்படுத்தாதீங்க!

குல்மார்க்கில் கோண்டோலா ஏறி அபர்வத் மலையில் இறங்கினால், சுற்றிலும் வெள்ளை வெளேரென்று பனி. 'கண்காணிப்பில் இருக்கும் பாதையைத் தாண்டி, யாருமே கால் வைக்காத அந்தச் சரிவில் ஒரே ஒரு ரீல்ஸ் எடுத்தால் என்ன?' என்று தோன்றும். அங்கேதான் உஷாரா இருக்கணும். 2023 பிப்ரவரியில் அபர்வத் பகுதியில் ஏற்பட்ட பனிச்சரிவில் போலந்து நாட்டைச் சேர்ந்த இருவர் உயிரிழந்தனர். 2024 பிப்ரவரியில் குல்மார்க்கில் ரஷ்யர் ஒருவர் பலியானார். இவர்கள் எல்லாம் பனிச்சறுக்குக்காகவே வந்தவர்கள்.

பனி ஏன் சரிகிறது?

சினிமாவில் வருவதுபோல, கத்தினால் பனி சரியாது. ஒவ்வொரு பனிப்பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. அடியில் இருக்கும் அடுக்கு சர்க்கரை மாதிரி உதிரியாகவும், மேல் அடுக்கு பலகை மாதிரி இறுகியும் இருந்தால் ஆபத்து. ஓர் ஆள் ஏறினாலே அடியில் இருப்பது நொறுங்கி, மேலே உள்ள பலகை மொத்தமாக வழுக்கிவிடும். உயிர்ப்பலி வாங்கும் பனிச்சரிவுகளில் பெரும்பாலானவற்றைக் கிளப்பிவிடுவது, அதில் சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான்.

எங்கே, எப்போது ஆபத்து?

* 30 முதல் 45 டிகிரி வரையிலான சரிவுகள். நீங்கள் சமதளத்தில் நின்றாலும், தலைக்கு மேலே அப்படி ஒரு சரிவு இருந்தால் ஆபத்துதான்.
* பனி கொட்டித் தீர்த்த அடுத்த 24 முதல் 48 மணி நேரம். வானம் தெளிந்து, போட்டோவுக்கு செமயாக இருக்கும் நாளும் அதுதான்!
* காற்று பனியை அள்ளிவந்து குவித்த பக்கம். திடீரென வெயில் ஏறும் நேரம்.

பனியே தரும் எச்சரிக்கை

காலடியில் 'வும்ப்' என்று அமுங்கும் சத்தம், காலிலிருந்து ஓடும் விரிசல், பக்கத்தில் புதிதாகச் சரிந்த தடம்... இதில் ஒன்றைப் பார்த்தாலும் திரும்பிவிடுங்கள்.

கிளம்பும் முன்...

டி.ஆர்.டி.ஓ-வின் டி.ஜி.ஆர்.இ மையம் வெளியிடும் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். உலக அளவில் பயன்படும் ஆபத்து அளவுகோலில் ஐந்து நிலைகள் உண்டு. 'மூணுதானே, பரவாயில்லை' என்று நினைக்காதீங்க. அந்த நிலையில் ஓர் ஆள் எடைக்கே பனி சரியலாம்.

சிக்னல் அனுப்பும் ட்ரான்ஸீவர், பனிக்குள் குத்தித் தேடும் கம்பி, மண்வெட்டி - மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். ட்ரான்ஸீவர் பக்கத்தில் போனை வைக்காதீர்கள், சிக்னல் குழம்பும். ஆபத்தான சரிவை ஒவ்வொருவராகக் கடங்கள்; மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று கவனிக்கட்டும்.

சிக்கிவிட்டால்?

பக்கவாட்டில் வெளியேறப் பாருங்கள். முடியாவிட்டால், பனி நிற்பதற்குள் கைகளை முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து, மூச்சுவிட இடம் உண்டாக்குங்கள். நின்றபின் பனி இறுகிவிடும். கையை அசைக்கக்கூட முடியாது. புதைந்தவரை முதல் 10 - 15 நிமிடங்களுக்குள் எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. அதன்பின் அது வேகமாகக் குறையும். அதற்குள் மீட்புக்குழு வந்து சேர்வது கஷ்டம். காப்பாற்றப்போவது கூட வந்த நண்பர்கள்தான். அதனால் கிளம்பும் முன்பே எல்லோரும் சேர்ந்து தேடிப் பழகுங்கள்!