ஐம்பது தொகுதிகளில் ஒரு நூலகம்: ஜான் வெஸ்லியின் நூல் தெரிவு

திருப்பணியாளர் ஒருவர் எந்நூல்களை வாங்க வேண்டும், எவற்றைத் தள்ளி வைக்க வேண்டும் என்னும் வினா, இறையியற் கல்லூரியை விட்டு வெளியேறும் ஒவ்வொரு மாணவரையும் எதிர்கொள்வதாகும். கையிலுள்ள பொருளோ குறைவு; அச்சேறியுள்ள நூல்களோ எண்ணிலடங்கா. இவ்வினாவுக்குத் திருச்சபை வரலாற்றில் துணிவோடு விடை கூற முயன்றவர்களுள் ஜான் வெஸ்லி குறிப்பிடத்தக்கவர். 1749ஆம் ஆண்டு முதல் 1755ஆம் ஆண்டு வரை, பிரிஸ்டல் நகரில் பீலிக்ஸ் பார்லி என்பாரின் அச்சகத்திலிருந்து, 'கிறிஸ்தவ நூலகம்' என்னும் பெயருடன் கைக்கு அடக்கமான ஐம்பது தொகுதிகளை அவர் வெளியிட்டார். அம்முயற்சியின் வரலாற்றையும், அதில் எழும் ஒரு சிக்கலையும் நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

வெஸ்லியின் குழுவினருள் பெரும்பாலோர் பல்கலைக்கழகத்தின் வாயிலையும் மிதியாதவர்கள். பர்ஸ்டலைச் சேர்ந்த ஜான் நெல்சன் கல்தச்சர். ஜான் ஹெய்ம் போர்வீரர். மனமாற்றத்தின் அனலோடு பிரசங்கிக்கப் புறப்பட்ட இத்தகையோரிடம் ஊக்கத்துக்குக் குறைவில்லை. ஆனால் ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் கூறி முடித்தபின் சொல்வதற்கு ஒன்றுமில்லாத நிலை விரைவில் வந்துவிடும். 1760ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஜான் டிரெம்பாத் என்னும் பிரசங்கியாருக்கு எழுதிய மடலில், அவருடைய பிரசங்கம் ஏழாண்டுகளாக வளரவில்லை என்றும், உயிர்ப்பு இருந்தும் ஆழமில்லை என்றும், வாசிப்பின்மையே அதற்குக் காரணம் என்றும் வெஸ்லி கடிந்துரைத்தார். வாசிப்பு, தியானம், நாள்தோறும் மன்றாட்டு ஆகிய மூன்றும் இணைந்தாலன்றி இக்குறை நீங்காது என்பது அவர் கருத்து.

தம்மை 'ஒரே நூலின் மனிதன்' என்று 1746ஆம் ஆண்டுப் பிரசங்கத் தொகுப்பின் முன்னுரையில் குறித்தவரும் இதே வெஸ்லிதான். இதனைப் பிடித்துக்கொண்டு, திருமறையையன்றி வேறெதையும் வாசிக்க வேண்டுவதில்லை என்று சோம்பலுக்குப் பக்தி முலாம் பூசியோர் அன்றும் இருந்தனர். மாநாட்டுக் குறிப்புகளில் அவர்களுக்கு அவர் அளித்த விடை கூர்மையானது: அப்படியானால் நீங்கள் பவுலடிகளுக்கும் மேலானவர்கள், அவருக்குக்கூட வேறு புத்தகங்கள் தேவைப்பட்டன என்று அவர் 2 தீமோத்தேயு 4:13ஐச் சுட்டினார். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமேனும் வாசிக்க வேண்டும் என்பது விதி. வாசிப்பில் சுவையில்லை என்பார் பழகிச் சுவை பெறட்டும், இல்லையேல் பழைய தொழிலுக்கே திரும்பட்டும் என்றார். நூல் இல்லை என்பாருக்கோ, வாசிக்க வாசிக்க ஐந்து பவுன் மதிப்புள்ள நூல்களைத் தாமே தருவதாக வாக்களித்தார். கண்டிப்பைவிட இந்த ஐந்து பவுனே நம் கவனத்துக்குரியது. நூல் வாங்கித் தராமல் வாசிக்கவில்லையென்று குறை கூறும் மேய்ப்பர் அவரல்லர்.

நூல்களின் ஆற்றலை அவர் இளமையிலேயே அறிந்திருந்தார். தந்தை சாமுவேல் இலண்டனில் தங்கியிருந்த 1711-12 குளிர்காலத்தில், எப்வொர்த் இல்லத்து நூலறையில் மகள் எமிலியா ஒரு நூலைக் கண்டெடுத்தாள். தரங்கம்பாடிக்கு வந்த டேனிய அருட்பணியாளரைப் பற்றிய வரலாறு அது. சீகன்பால்கு, புளுட்சோ ஆகியோரின் பணியை வாசித்த தாய் சூசன்னா பல நாள் வேறொன்றையும் நினைக்க இயலாதவராய் இருந்தார். கணவருக்கு 1712 பெப்ரவரித் திங்களில் எழுதிய மடலில் அதனைத் தெரிவிக்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவரோடும் வாரத்தில் ஒரு மாலை தனித்துப் பேசத் தொடங்கியதும் அதன் விளைவே. எட்டு வயது ஜானுக்கு வியாழக்கிழமை வாய்த்தது. வீட்டாருக்கென அவர் ஞாயிறு மாலைகளில் வாசித்த சிறந்த பிரசங்கங்களைக் கேட்க அயலாரும் திரண்டனர். இருநூறு பேருக்கு மேற்பட்டோர் வந்ததாகவும் இடமின்றிப் பலர் திரும்பியதாகவும் அவரே எழுதுகிறார். நம் கடற்கரையில் நிகழ்ந்த ஒரு பணியின் அச்சிட்ட செய்தி, ஓர் ஆங்கிலச் சிற்றூரின் இல்லத்தை இவ்வாறு அசைத்தது. பின்னர், 1725ஆம் ஆண்டில், ஜெரமி டெய்லரின் பக்தி நூலை வாசித்தபோது வாழ்வு முழுவதையும் இறைவனுக்கு ஒப்படைக்க முடிவு செய்ததாக வெஸ்லி கூறுவதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

நூலகத்துக்கான ஆயத்தம் படிப்படியாக நடைபெற்றது. 1745ஆம் ஆண்டு மாநாட்டில் இலண்டன், பிரிஸ்டல், நியூகாசில் ஆகிய மூன்று இடங்களிலும் வைக்க வேண்டிய நூல்கள் பட்டியலிடப்பட்டன. இறையியல் மட்டுமன்றி மருத்துவம், வானியல், வரலாறு, கவிதை, கிரேக்க இலத்தீன நூல்கள் என அப்பட்டியல் விரிந்தது. மறு ஆண்டு, நார்தாம்ப்டனில் கல்விக்கூடம் நடத்திய பிலிப் டாட்ரிட்ஜ் என்னும் சுயாதீன சபைப் போதகரிடம் இளம் பிரசங்கிமாருக்கான நூற்பட்டியல் ஒன்றை வெஸ்லி கேட்டுப் பெற்றார். இங்கிலாந்துத் திருச்சபையின் குருவானவர் பிரிவினைச் சபைப் போதகரிடம் இவ்வாறு கேட்டது அக்காலத்தில் சிறு செயலன்று. 1748இல் எபனேசர் பிளாக்வெல் என்னும் வங்கியாளருக்கு எழுதும்போது, அறுபது அல்லது எண்பது தொகுதிகளை, ஒவ்வொன்றிலும் நூறு படிகள் மட்டும், அச்சிட எண்ணியிருப்பதாகத் தெரிவித்தார்.

ஐம்பதோடு நின்ற அத்தொகுப்பில் யாருக்கு இடங்கிடைத்தது? முதற்றொகுதி கிளமெந்து, இக்னாசியு, பொலிக்கார்ப்பு ஆகிய திருத்தூதுவர் வழித் தந்தையரோடு தொடங்குகிறது. மக்காரியுவின் அருளுரைகளும் ஜெர்மானியரான யோவான் ஆர்ன்டின் 'மெய்யான கிறிஸ்தவம்' என்னும் நூலும் தொடர்கின்றன. பின்னர் ஜான் பாக்சின் இரத்தசாட்சிகள் வரலாறு வருகிறது. முதலாம் சார்லசு மன்னரின் சிற்றாலயக் குருவாயிருந்த ஜெரமி டெய்லரும், அம்மன்னரை எதிர்த்த நாடாளுமன்றப் படையில் குருவாயிருந்த ரிச்சர்டு பாக்ஸ்டரும் ஒரே நிலைப்பேழையில் அமர்கின்றனர். 1662இல் சபைகளிலிருந்து வெளியேற்றப்பட்ட தூய்மையர் பலர் உள்ளனர். வெஸ்லியின் தாய்வழிப் பாட்டனார் சாமுவேல் ஆன்ஸ்லி அவர்களுள் ஒருவர். இவற்றோடு பாஸ்கல், சகோதரர் லாரன்சு, அவிலா நகர் யோவான் ஆகிய கத்தோலிக்கரும் உளர். 1687இல் உரோமையே கண்டனம் செய்த மொலினோசின் நூலையும் வெஸ்லி விடவில்லை.

ஒரு மனிதன் ஆயுள் முழுவதும் வாசித்தாலும் உள்ளவற்றில் ஒரு பங்கையே முடிக்க இயலும். ஆதலின் யாரேனும் தெரிந்து தர வேண்டும் என்பது முன்னுரையின் வாதம். செயல்முறைப் பக்திக்கு உதவுவது, வாக்குவாதம் கலவாதது, எளியோர்க்கு விளங்குவது, திருமறைக்கு இசைந்தது ஆகியவையே அளவுகோல்கள். அவற்றுக்குப் பொருந்தாதவை வெட்டப்படும். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

ஜான் ஓவென் முன்குறித்தல் கோட்பாட்டை உறுதியாகப் பற்றியவர். வெஸ்லியோ அதனை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவர். ஓவெனின் பக்தி வேண்டும், அவர் கோட்பாடு வேண்டா என்னும் முடிவில், நூல்களின் ஓரத்தில் வெஸ்லியின் பேனா ஓடியது. 1772இல் சர் ரிச்சர்டு ஹில் என்பார், வெஸ்லி மறுக்கும் கோட்பாடுகள் அவரே வெளியிட்ட நூலகத்தில் இடம் பெற்றுள்ளன என்று எடுத்துக்காட்டி எள்ளினார். வெஸ்லியின் மறுமொழி ஒளிவு மறைவற்றது: பயணத்தின் இடையே கிடைத்த நேரத்தில் வரிகளைக் கோடிட்டு நீக்கியே அச்சுக்கு அனுப்பியதாகவும், அச்சகத்தைக் கண்காணிக்க இயலாமையால் தாம் அடித்த நூறு பகுதிகள் பிறர் கவனக்குறைவால் தங்கிவிட்டன என்றும், சிலவற்றைத் தாமே தவறவிட்டிருக்கலாம் என்றும் கூறினார். குதிரைமீது கடிவாளத்தைத் தளரவிட்டு வாசிப்பது அவர் வழக்கம் என்பதை 1770ஆம் ஆண்டு நாட்குறிப்பினால் அறிகிறோம். ஐம்பது தொகுதிகளும் ஏறக்குறைய அவ்வாறே உருவாயின எனலாம்.

அச்சுப்பிழையைக் குறித்து நமக்கு வருத்தமில்லை. நீக்கப்பட்டவை எவை என்பதை வாசகர் அறிய வழியில்லாதிருந்ததே குறை. ஓவெனின் ஆறுதல் அவருடைய கோட்பாட்டில் வேர்கொண்டது. வேரை அறுத்துக் கனியைக் கூடையிலிட்டால், அக்கனி எம்மரத்தினது என்று கல்தச்சராகிய பிரசங்கியார் எவ்வாறு அறிவார்? எனினும் கேள்வியின் மறுபுறமும் உண்டு. வெட்டாத ஓவெனின் பெருநூல்களை அவர் ஒருபோதும் தொட்டிருக்கமாட்டார். பக்திக்கெனச் சுருக்கத்தைக் கொடுப்பதில் தவறில்லை. கல்விக்கு அது போதாது. வெஸ்லியும் இதனை அறிந்தேயிருந்தார். 1756இல் குருமாருக்கு எழுதிய அறிவுரையில் எபிரேய கிரேக்க மொழிகளையும், தருக்கத்தையும், உலக வரலாற்றையும், திருச்சபைத் தந்தையரையும் அவர்கள் நேரடியாகக் கற்றிருக்க எதிர்பார்த்தார். கிறிஸ்தவ நூலகம் அக்கல்விக்கு மாற்றாக அமைக்கப்பட்டதன்று.

விற்பனை நன்றாக இல்லை. ஏழைகளுக்கெனத் தொடங்கிய தொகுப்பாயினும் ஐம்பது தொகுதிகளை வாங்க ஏழைகளால் இயலவில்லை; அவருடைய சிறு துண்டு வெளியீடுகளே குடிசைகளுள் நுழைந்தன. இருநூறு பவுனுக்கு மேல் இழந்துவிட்டதாக 1752 நவம்பர்த் திங்களில் வெஸ்லி எழுதி, அடுத்த தலைமுறையேனும் இதன் மதிப்பை அறியக்கூடும் என்று சேர்த்துக்கொண்டார். அவர் 1791இல் மறைந்தார். இரண்டாம் பதிப்பு, முப்பது தொகுதிகளாக, 1819ஆம் ஆண்டிலேதான் வெளிவரத் தொடங்கி 1827இல் நிறைவெய்தியது.