பேனாப் பித்தும் சாத்தூர் முள்ளும்

மனிதருக்கு வாய்க்கும் பித்துகளுள் பேனாப் பித்தும் ஒன்று. சட்டைப் பையில் ஒரு பேனா இருக்கும். வீட்டு மேசையில் மூன்று இருக்கும். ஆயினும் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் புதிதாக ஒன்று பளபளத்தால், அதைக் கையில் வாங்கி, மூடியைத் திருகிக் கழற்றி, கடைக்காரர் நீட்டும் துண்டுக் காகிதத்தில் தம் பெயரை இரண்டு முறை எழுதிப் பார்த்துவிட்டு, பிறகு வாங்காமல் திரும்ப இயலாதவர்கள் சிலர் உண்டு. இது வேண்டுமா என்ற கேள்வி வீட்டுக்கு வந்த பிறகே அவர்களுக்குத் தோன்றும். இவர்களை எள்ளி நகையாடுவது எளிது. ஆனால் இந்த ஆசை எங்கிருந்து வந்தது, யாருக்குச் சோறு போட்டது, இன்று யாரை மறந்துவிட்டது என்று எண்ணிப் பார்ப்பது பயனுடையது. பாளையம்பட்டிக்காரனாகிய எனக்கு இதில் தனி ஈடுபாடு உண்டு. அந்த வரலாற்றின் முக்கியமான ஓர் அத்தியாயம் எங்கள் வானம் பார்த்த பூமியிலேயே நடந்தது.

பாளையம்பட்டி, அருப்புக்கோட்டையை அடுத்த ஊர். இங்கிருந்து திருச்சுழி செல்லும் வழியெங்கும் மழையை நம்பிய மண், ஆங்காங்கே பனை. எழுதுவதற்கு ஏட்டைத் தந்தது அந்தப் பனை. எழுத்தாணியைத் தந்தது கொல்லர் உலை. எழுத்தாணி மையை உமிழ்வதில்லை. ஓலையின் மேற்பரப்பைக் கீறிச் செல்லும். பிறகு கரியைத் தடவினால் கீறல் கறுத்துத் தெரியும். ஓர் எழுத்தாணி ஒருவருடைய வாழ்நாள் முழுவதும் உழைத்து, அதன்பின் அவர் மகன் கைக்கும் போகும். எழுதுகருவியிடம் பக்தி இருந்த காலம் அது; புதிது புதிதாக வாங்கும் ஆசைக்கு அதில் இடம் இல்லை.

கச்சேரிகளும் பள்ளிக்கூடங்களும் காகிதத்தையும் மைக்கூட்டையும் கொண்டுவந்தன. எஃகு முள்ளைச் செருகிய கட்டைப் பேனா வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலகத்துக்கு நிப்பு செய்து கொடுத்த ஊர் இங்கிலாந்தின் பர்மிங்காம். ஆனால் கட்டைப் பேனாவை நான்கு சொல்லுக்கு ஒரு முறை மையில் தோய்க்க வேண்டும். மையைத் தன் வயிற்றிலேயே சுமக்கும் பேனா வேண்டும் என்று பலரும் முயன்றார்கள். ருமேனிய நாட்டுப் பெத்ராக்கே போயெனாரு என்பவர் 1827-இல் பாரிஸ் நகரில் அத்தகைய பேனாவுக்கு உரிமம் பெற்றார். எனினும் நம்பி எழுதத்தக்க ஊற்றுப்பேனாவுக்கு வழி வகுத்தவர் அமெரிக்கர் லூயிஸ் வாட்டர்மன். அவர் உரிமம் பெற்ற ஆண்டு 1884.

வாட்டர்மன் காப்பீட்டு முகவராக இருந்தார் என்றும், ஒப்பந்தத்தின் மேல் மை கொட்டியதால் கோபம் கொண்டு பேனாவைக் கண்டுபிடித்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. அது விளம்பரத்துக்காகப் பின்னால் எழுந்த கதை என்றே ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அவர் தீர்த்த சிக்கலோ உண்மையானது. பேனாவுக்குள்ளிருந்து மை வெளியே வர வேண்டுமானால் அதன் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். காற்று போகாவிட்டால் மை வராது. மிகுதியாகப் போனால் மை கொட்டும். நிப்புக்கு அடியில் நாக்குப் போல் இருக்கும் சிறு கட்டையில் நுண்ணிய வாய்க்கால்களை வெட்டி, மைக்கும் காற்றுக்கும் வழி அமைத்தார். ஊற்றுப்பேனாவின் நுட்பம் இவ்வளவுதான்.

பேனா செய்யக் கற்றவர்கள், பேனாவின் மீது ஆசை செய்யவும் விரைவிலேயே கற்றுக்கொண்டார்கள். அன்றைய பேனாக்கள் பெரும்பாலும் கறுப்பு ரப்பரால் ஆனவை. 1888-இல் தொடங்கிய பார்க்கர் நிறுவனம், 1921-இல் செம்பவள நிறத்தில் தடித்த பேனா ஒன்றை ஏழு டாலர் விலைக்கு விற்றது. அதிக விலை கொடுத்து மக்கள் வாங்கினார்கள். 1941-இல் அதே நிறுவனம் வெளியிட்ட ஐம்பத்தொன்று என்னும் பேனாவுக்கு உலகமெங்கும் பித்தர்கள் உண்டானார்கள். எழுதுவதற்காக ஒரு பேனா போதும் என்ற நிலை போய், வைத்திருப்பதற்காகப் பேனா என்ற நிலை அப்போதே பிறந்துவிட்டது.

நம் நாட்டில் அந்த ஆசைக்கு வேறொரு பொருளும் இருந்தது. 1951-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர். அத்தகைய நாட்டில் சட்டைப் பைக்கு வெளியே தெரியும் ஒரு பேனாக் கிளிப், 'நான் கையெழுத்திடுவேன். கைநாட்டு வைக்க மாட்டேன்' என்று சொல்லாமல் சொல்லிற்று. பழைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து இலங்கைக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் பிழைக்கச் சென்று திரும்பியவர்கள், பெட்டிக்குள் பத்திரமாகக் கொண்டுவந்த பொருள்களில் பேனாவும் ஒன்று. விருதுநகரில் பிறந்த காமராசர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தார். 1956-இல் பள்ளி மதிய உணவுத் திட்டம் தொடங்கிற்று. கரிசல் காட்டு வீடுகளில் முதன்முதலாகப் பள்ளிக்குச் சென்ற தலைமுறை அது. சிலேட்டும் பலப்பமும் கடந்து, பென்சிலும் கடந்து, பேனா பிடிக்கும் வகுப்புக்கு ஒரு பிள்ளை வந்து சேர்வது அந்த வீட்டின் வரலாற்றிலேயே புதிய செய்தி. அந்தத் தந்தை கடன் வாங்கியாவது பேனா வாங்கிக் கொடுத்தார் என்றால், அதை வீண் செலவு என்று யார் சொல்ல முடியும்?

இந்த ஆசையை வேறொரு கேள்வியால் உரைத்துப் பார்த்தவர் காந்தியடிகள். கோதாவரிக் கரையில் உள்ள ராஜமுந்திரி அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே கே. வி. ரத்னம் என்பவர் 1932-இல் பேனா செய்யத் தொடங்கினார். அவர் செய்த பேனா ஒன்று காந்தியடிகளிடம் சென்றது. 1935-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் நாள் காந்தியடிகள் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். குமரப்பா வழியாக வந்த பேனாவைப் பயன்படுத்திப் பார்த்ததாகவும், கடைவீதிகளில் காணும் அந்நியப் பேனாக்களுக்கு அது நல்ல மாற்றாகத் தோன்றுவதாகவும் அதில் குறிப்பிட்டார். அந்தக் குமரப்பா நம்மவர். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்து, அயல்நாட்டில் பொருளியல் கற்று, அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்திய ஜே. சி. குமரப்பா. தம் இறுதி ஆண்டுகளை எங்களுக்கு வடமேற்கே உள்ள தே. கல்லுப்பட்டியின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்து, 1960 ஜனவரி 30 அன்று, காந்தியடிகள் மறைந்த அதே நாளில் மறைந்தார். பேனா நன்றாக எழுதுகிறதா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. அது யாருடைய கையில் உருவானது, கொடுத்த காசு எந்த ஊருக்குப் போகிறது என்றும் கேட்டார்கள்.

விடுதலைக்குப் பிறகு அந்நியச் செலாவணியைக் காக்கும் பொருட்டு இறக்குமதிக் கட்டுப்பாடுகள் வந்தன. பார்க்கரும் ஷீஃபரும் அரிய பொருள்களாயின. கிடைக்காத பொருள் மீது ஆசை மிகும் என்பது இயற்கை. கடல் கடந்து வந்த பேனாக்களுக்கும், பிற்காலத்தில் ஷாங்காய் நகரத்து ஹீரோ பேனாவுக்கும் நம்மவரிடம் இருந்த மோகம் அவ்வாறு வளர்ந்ததே. ஆனால் பெருகிவந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு மலிவான பேனா வேண்டும். உள்நாட்டில் பல ஊர்களில் பேனாக் கட்டை கடைந்தார்கள். அவற்றுக்கெல்லாம் நிப்பு எங்கிருந்து வரும்? எங்கள் ஊருக்குத் தென்மேற்கே, ஏறத்தாழ ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில், வைப்பாற்றங்கரையில் அதற்கு விடை கிடைத்தது. அந்த ஊர் சாத்தூர்.

சாத்தூர் என்றதும் வெள்ளரிக்காயும் காரச்சேவும் பலர் நினைவுக்கு வரும். ஆனால் பேனா முள்ளும் அந்த ஊருக்குப் பெயர் தந்த பொருளே. மழை பொய்த்தால் வேளாண்மை பொய்க்கும் கரிசல் பூமியில், நிலத்தை நம்பாத தொழில் வேண்டியிருந்தது. சிவகாசிக்கு 1923-இல் தீப்பெட்டித் தொழில் வந்ததற்கு எது காரணமோ, சாத்தூரில் நிப்புத் தொழில் வேரூன்றியதற்கும் அதுவே காரணம் எனலாம். குறைந்த முதல், சிறிய எந்திரம், நிறையக் கைகள். குடிசைத் தொழிலாகப் பரவி, நாட்டின் பல பகுதிகளுக்கும் சாத்தூர் நிப்பு சென்றது.

ஒரு நிப்பு உருவாகும் விதத்தைக் கேளுங்கள். மெல்லிய உலோகத் தகட்டை அழுத்து எந்திரத்தில் வைத்து வேல் வடிவச் சிறு துண்டுகளாக வெட்ட வேண்டும். நடுவே ஒரு துளை. மேலே முத்திரை. பிறகு அதை வளைத்துக் குழிவாக்க வேண்டும். விலை உயர்ந்த நிப்புகளின் நுனியில் தேயாத கடின உலோகத்தின் சிறு மணியைப் பற்ற வைப்பார்கள். மலிவான நிப்பில் தகட்டின் நுனியையே மடித்து உருட்டுவார்கள். அடுத்து, நுனியிலிருந்து துளை வரை மயிரிழை போன்ற பிளவு. மை அந்த நுண்ணிய பிளவின் வழியே தானாக ஏறி வந்து காகிதத்தைத் தொடுகிறது; துளையோ பிளவு மேலும் கிழிந்து போகாமல் காக்கிறது. பிளவு சற்றே கோணினாலும் எழுத்து கீறும். சற்றே அகன்றாலும் மை கொட்டும். இறுதியில் மெருகு. ஒரு சில காசுக்கு விற்ற பொருளுக்குள் இத்தனை கைகளின் கணக்கு அடங்கியிருந்தது.

அந்தச் சில காசில்தான் எளியவரின் பேனாப் பித்து நிறைவு பெற்றது. ஆண்டு தோறும் புதுப் பேனா வாங்க இயலாத மாணவன், பழைய பேனாவுக்குப் புது முள் வாங்கினான். கட்டைவிரல் நகத்தின் மேல் அழுத்திப் பார்த்தான். தாளில் சுழித்துப் பார்த்தான். எழுத்து மெலிதாக வந்தால் ஒரு மகிழ்ச்சி, பட்டையாக வந்தால் இன்னொரு மகிழ்ச்சி. கட்டை பழையது, எழுத்து புதியது. புதுமை வேண்டும் என்ற மனித ஆசைக்கும் வறண்ட நாட்டுச் சிக்கனத்துக்கும் இதைவிட நல்ல உடன்படிக்கையை நான் கண்டதில்லை.

அந்த உடன்படிக்கையை முறித்தது குண்டுமுனைப் பேனா. ஹங்கேரியரான லாஸ்லோ பீரோ 1938-இல் அதற்கு உரிமம் பெற்றார். 1945 அக்டோபரில் நியூயார்க் கடை ஒன்றில் அது விற்பனைக்கு வந்தபோது, பன்னிரண்டரை டாலர் விலையிலும் மக்கள் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். அங்கே புதுமையாக வந்த பொருள், பிற்பாடு நம் ஊர்ப் பெட்டிக்கடையில் எழுதித் தூக்கியெறியும் பேனாவாக வந்து தொங்கியது. மை கொட்டாது, பில்லர் வேண்டாம், பிள்ளையின் சட்டை கறை படாது. இவற்றின் வசதியை மறுப்பதற்கில்லை. ஆயினும் சாத்தூரின் பட்டறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, தொழில் தேய்ந்து போனது. இதில் ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். சாத்தூரை வீழ்த்தியவர்கள் அளவுக்கு மீறிப் பேனா வாங்கிய பித்தர்கள் அல்லர். பேனாவைப் பற்றிய நினைப்பே இல்லாமல் வாங்கி, நினைப்பே இல்லாமல் எறிந்தவர்கள்தாம். ஆசை மிகுந்தால் பணம் போகும். அக்கறை இன்மையாலோ ஒரு தொழிலே போய்விடும்.

இப்பொழுது ஊற்றுப்பேனாவுக்கு மறுபடியும் ஒரு மதிப்பு வந்திருக்கிறது. 1991-க்குப் பின் இறக்குமதிக் கதவுகள் திறந்தன. 1996-இல் லக்ஸர் நிறுவனத்தின் வழியாகப் பார்க்கர் பேனா இந்நாட்டிலேயே பரவலாகக் கிடைக்கலாயிற்று. அதன் பின்னர்க் கைவினைப் பேனாவைத் தேடும் புதிய தலைமுறைப் பித்தர்கள் தோன்றினர். ராஜமுந்திரியின் ரத்னம், திருவள்ளூரின் ரங்கா, சென்னையின் காமா ஆகிய பேனாக்களை வெளிநாட்டவரும் எழுதிக் கேட்டு வாங்குகிறார்கள். கடைசல் பட்டறையில் கறுப்பு ரப்பர்க் கட்டையைக் கையால் கடையும் தொழிலாளிக்கு, தேவைக்கு மேல் வாங்கும் இவர்களே இன்று பெரும் ஆதரவு. இவர்களது அவசரம் ஒரு கலையை வாழ வைத்திருக்கிறது என்று நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அந்தப் பேனாவின் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கட்டை நம் நாட்டுக் கையால் கடைந்தது. முள்ளோ பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்து வந்தது. வாங்குவோரே அதைக் கேட்டுப் பெறுகிறார்கள். அவர்கள் கூறும் காரணத்தையும் தள்ளிவிட முடியாது. ஜெர்மன் நிப்பு ஒன்று போலவே மற்றொன்றும் எழுதும், நுனி தேயாது, காகிதத்தில் வழுக்கிச் செல்லும். விலையைக் குறைத்துக் குறைத்துப் பள்ளிப் பிள்ளைக்காகச் செய்யப்பட்ட நம் நிப்பு, அந்தத் தரத்தை எட்டும்படி யாரும் அதனிடம் கேட்டதில்லை. அதற்குரிய விலையை யாரும் கொடுத்ததுமில்லை. கேளாத தரம் எங்ஙனம் வரும்?

நான் வேண்டுவது சுதேசி விரதம் அன்று; பேனா வாங்காதீர்கள் என்ற உபதேசமும் அன்று. கண்டவுடன் வாங்கும் அந்த ஆசை, கல்விக்கு ஏங்கிய ஒரு நாட்டின் ஆசையிலிருந்து கிளைத்தது. அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. பத்துப் பேனா வாங்குவோர், பதினோராவதற்குக் கை நீளும்போது குமரப்பாவின் கேள்வியை ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும்: இதன் முள் எந்த ஊர்? அக்கேள்வியைப் பலரும் கேட்டால், பேனா செய்பவர் நிப்பு செய்பவரைத் தேடிப் போவார். நல்ல விலையோடு நல்ல தரத்தையும் கேட்பார். அழுத்து எந்திரத்தின் பிடியும் பிளவின் கணக்கும் அறிந்த கைகள் இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. அவை ஓய்ந்த பிறகு கேட்டால், பதில் சொல்ல ஆள் இராது.