கல்முனைப் பிரதேச ஆய்வில் இணையத் தேடல்

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலான அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களைப் பற்றிய ஆய்வுக்கு இணையத்தில் மூலங்கள் கணிசமாகவே உள்ளன. அவை கைக்கு வருவது, தேடுபவர் எந்தப் பெயரை இடுகிறார் என்பதைப் பொறுத்தது.

அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. அதற்கு முந்திய ஆவணங்களில் இவ்வூர்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் கீழ், கரவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று போன்ற பழைய பிரிவுப் பெயர்களோடு வரும். எஸ். ஓ. கனகரத்தினம் மட்டக்களப்பு மாவட்டம் பற்றி 1921இல் வெளியிட்ட ஆங்கில நூல் இப்பகுதி ஆய்வுக்கு இன்றியமையாதது; ‘அம்பாறை’ என்று மட்டும் தேடினால் அது கண்ணிற்படாமலே போகலாம்.

ஆட்பெயர்களில் சிக்கல் இன்னும் கூடுதல். கல்முனையைச் சேர்ந்த மொழியியலாளரும் கவிஞருமான எம். ஏ. நுஃமானின் பெயரை ஆய்த எழுத்தோடும், ‘நுஹ்மான்’ என்றும், ஆங்கில எழுத்திலும் தனித்தனியே தேட வேண்டும். மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்ப்பெயர்களிலுள்ள தகரத்தையும் ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் எழுதுகின்றனர். மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடும்போது வேற்றுமை உருபும் கணக்கில் வரும்: ‘கல்முனை வரலாறு’ என்ற தொடர் ‘கல்முனையின் வரலாறு’ உள்ள பக்கத்தைத் தவறவிடக்கூடும்.

ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் வருடி இணையத்தில் வைக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியது. இப்பகுதி எழுத்தாளர்களைத் தேட அதைவிடப் பொருத்தமான இடம் அரிது. ஆனால் வருடிய பக்கம் ஒரு படமே; எழுத்துணரி கொண்டு உரையாக மாற்றப்படாதவரை அதன் உள்ளடக்கம் பொதுத் தேடுபொறிக்குப் புலப்படாது. ஆகவே தலைப்பு, ஆசிரியர், ஆண்டு வழியாக நூலகத்தின் பட்டியலுக்குள் தேடி, இதழ்களின் பொருளடக்கத்தைப் பொறுமையாகப் புரட்டுவதே பயன் தரும். பாமினி எழுத்துருவில் தட்டெழுதிய பழைய கோப்புகள் வேறு வகைச் சிக்கல். திரையில் தமிழாகத் தெரிந்தாலும் அவற்றுள் பதிவாகியிருப்பவை ஆங்கில விசைக் குறிகள். ஒருங்குறியில் இட்ட தேடுசொல் அவற்றைத் தொடாது.

ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் எண்ணிமக் களஞ்சியத்தில் அண்மைக்கால ஆய்வுக் கட்டுரைகள் கிடைக்கின்றன. 2004இல் வந்த கூகுள் ஸ்காலர், ஒரு கட்டுரையைப் பின்னர் மேற்கோள் காட்டியவற்றையும் தொடர்ந்து செல்ல உதவும். அக்கரைப்பற்றின் தாய்வழிக் குடிமுறையை ஆராய்ந்த டெனிஸ் மெக்கில்வ்ரேயின் எழுத்துகளிலிருந்து புறப்பட்டு, அத்துறையின் பிற ஆய்வுகளை இவ்வழியே எட்டலாம்.

தேடல் வெறுமையாக முடிவது ஆவணம் இல்லை என்பதற்குச் சான்றாகாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இக்கரையின் வீடுகளோடு அங்கிருந்த ஏடுகளையும் கொண்டுபோயிற்று. எஞ்சிய பாடசாலை மலர்கள், பள்ளிவாசல் பதிவேடுகள், குடும்பக் கையெழுத்துப் படிகள் ஆகியவற்றுள் வருடப்படாதவற்றை ஊரில் நேரே சென்றுதான் பார்க்க வேண்டும்.