வேதம் ஓதுதல் (தியானப் பயிற்சி)

வேத மந்திரங்களைச் செவிவழி கற்று, சுரம் பிசகாமல் ஓதும் பயிற்சி. மைசூரில் யோகம் கற்பித்து, பின்னர் சென்னையில் வாழ்ந்த தி. கிருஷ்ணமாச்சாரியார் (1888–1989) இதை யோகத்தின் ஓர் அங்கமாகக் கொண்டார்; அவர் பெண்களுக்கும் வேதம் ஓதக் கற்பித்தது அக்காலத்தில் துணிச்சலான செயல். அவர் மகன் டி.கே.வி. தேசிகாச்சார் 1976இல் சென்னையில் நிறுவிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் இப்பணியைத் தொடர்ந்தது.

கற்பிக்கும் முறைக்குச் 'சந்தை' என்று பெயர்: ஆசிரியர் ஒருமுறை சொல்ல, மாணவர் இருமுறை திருப்பிச் சொல்வார். இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர் உள்ளிட்ட வைணவ ஊர்களில் ஆழ்வார்களின் பாசுரங்களான திவ்வியப் பிரபந்தமும் இப்படியே கற்பிக்கப்படுகிறது.

தைத்திரீய உபநிடதத்தின் சீட்சாவல்லி ஓதலுக்கு ஆறு கூறுகளைச் சொல்கிறது: எழுத்தொலி, சுரம், மாத்திரை, அழுத்தம், சீர்மை, தொடர்ச்சி. இவற்றுள் புதிதாகக் கற்பவரைத் திணறவைப்பது சுரமே. உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் ஆகிய மூன்று சுரங்களைக் காது பிரித்தறிந்த பிறகே நாக்கு பணியும். ஆகவே இப்பயிற்சியின் தியானத்தன்மை ஓதுவதைவிடக் கேட்பதிலேயே பெரிதும் இருக்கிறது. ஒரு வரியை ஒரே மூச்சில் முடிக்கையில் வெளிமூச்சும் தானே நீள்கிறது. இந்தச் செவிவழி வேத ஓதல் மரபை யுனெஸ்கோ 2008இல் மானுடத்தின் புலப்படாப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.