பாக் வந்த வீட்டின் கொல்லைப்புறம்

1986இல் வெளிவந்த 'ஹவ் டு நேம் இட்' கேசட்டை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. நாடா சிக்கும், பென்சிலை விட்டுச் சுற்றி மறுபடி கேட்பேன். இளையராஜா பைத்தியம் பிடித்த தலைமுறை எங்களுடையது. ஆனாலும் அந்த இசைத்தொகுப்பைப் பற்றி ஒரு நெருடல் இன்னும் தீரவில்லை. ரசனை என்கிற தளத்தில் நின்று மட்டும் அதைப் பேசித் தீர்க்கவும் முடியாது.

தொகுப்பு இரண்டு பேருக்குக் காணிக்கை: தியாகராஜர், பாக். பாட்டு வரி இல்லை, கதைச் சூழல் இல்லை, இப்படிப் போடு என்று சொல்ல இயக்குநர் இல்லை. வி. எஸ். நரசிம்மனின் வயலின் முன்னால் போகிறது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடி, தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, 1976இல் 'அன்னக்கிளி'யில் கிராமத்தைச் சினிமாவுக்குள் கொண்டுவந்த ஒருவர், முழுச் சுதந்திரம் கிடைத்தபோது யாரை அழைத்தார்? சபாவையும் தேவாலயத்தையும். பறை எனக்குக் கேட்கவில்லை. இந்த மௌனத்தை எப்படி வாசிப்பது?

இவ்விரண்டு இடங்களும் எல்லோருக்கும் திறந்த இடங்களாக இருந்ததில்லை. எங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். பாக் லைப்சிக் தேவாலயங்களின் இசைப் பொறுப்பிலிருந்த 1745இல், புதுச்சேரி சம்பா கோயிலுக்குள் பறையர்களையும் சாதிக் கிறித்தவர்களையும் பிரித்து ஒரு சுவர் நின்றது. பறையர் கிறித்தவர்கள் பாதிரியாரிடம் போய் நியாயம் கேட்டார்கள், சுவர் இடிக்கப்பட்டது, சாதிக் கிறித்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில் இது இருக்கிறது. வெள்ளையர் நகரம், கறுப்பர் நகரம் என்று வாய்க்கால் பிரித்தது பாதிக் கதைதான். வாய்க்காலுக்கு மேற்கே தெருவுக்குத் தெரு சாதிப் பெயர்.

திருவையாறு மட்டும் என்ன? தியாகராஜருக்குச் சமாதி எழுப்பியவர் தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள். அந்தச் சமாதியில் நடந்த ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். 1920களில் அவர் பெண்களைத் திரட்டித் தனியாகப் பாட வேண்டியிருந்தது. ஆக, 'தூய இசை' என்கிற சொல்லாடலுக்குள் யாரை வெளியே நிறுத்துவது என்ற கணக்கும் சேர்ந்தே ஓடுகிறது.

இதையெல்லாம் நண்பர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். தலித் இயக்கத்தில் வேலை செய்கிறவர். சிரித்தார். "ஏன்யா, எங்காளுகிட்ட மட்டும் பறை எங்கேன்னு கேக்கிற? சபாவுல வயலின் வாசிக்கிறவன்கிட்ட இதைக் கேட்டிருக்கியா?"

அடி சரியாகவே விழுந்தது. 'உனக்குரிய இசை இது' என்று ஒதுக்குவது சாதியின் வேலையல்லவா? அதையே முற்போக்கின் பெயரால் நானும் செய்திருக்கிறேன். அதற்குப் பிறகு கேட்டபோது தலைப்புகள் வேறு மாதிரிப் பட்டன. ஒன்றின் பெயர் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. என் வீட்டில்! பாக் விருந்தாளி. இன்னொன்றில் தியாகராஜரை வரவேற்கிறார்கள். வாசலில் நிற்க வைக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து வந்தவர் இங்கே வீட்டுக்காரர். அதிகாரத்தின் திசை புரண்டிருக்கிறது. அந்த வயலின்கள் பாயும்போது எனக்கு உடம்பு சிலிர்ப்பது வெறும் மயக்கமல்ல.

சரி, நெருடல் போய்விட்டதா? இல்லை. விருந்தாளிகளுக்குக் கூடம் கிடைத்தது. பறை கொல்லைப்புறத்திலேயே இருந்தது. 2016இல் 'தாரை தப்பட்டை'க்கு இசையமைத்தவருக்கு அந்தத் தாளம் தெரியாததல்ல. ஆனால் அதற்குக் கதை ஒன்று தேவைப்பட்டது. எதையும் சாராமல் தானே இசையாக நிற்கும் தகுதி பாக்குக்கும் தியாகராஜருக்கும் மட்டும் என்று ஆகிவிடுகிறது.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. சாதிபேதமற்ற தமிழர் என்ற அயோத்திதாசரின் கருத்திலிருந்து எடுத்த பெயர். கானாவும் பறையும் கிதாரும் ஒரே வரிசையில் நின்றன. கொல்லைப்புறம் கூடத்துக்கு வந்துவிட்டது என்று கொண்டாடினோம்.

ஆனால் ஒன்றைச் சொல்லாவிட்டால் நேர்மையில்லை. கூடத்தின் கதவை முதலில் தள்ளித் திறந்தவர் பறை இல்லாமல் உள்ளே போனவர்தான். அந்தக் கேசட்டை நான் கொண்டாடவும் செய்வேன், அதோடு சண்டையும் போடுவேன். இரண்டில் ஒன்றை விட்டுவிட்டால் மிஞ்சுவது பக்தி, இல்லையென்றால் தீர்ப்பு. இரண்டுமே நமக்கு வேண்டாம்.