மயக்கம் தந்த மாத்திரையும் விழிப்பின் இருப்பிடமும்

சளிக்கும் அரிப்புக்கும் நாம் உண்ணும் மாத்திரை கண்ணைச் சுழற்றுவது வீடுதோறும் அறிந்ததே. இரவில் அதை உண்டவர் ஸுப்ஹுக்கு எழ முடியாமல் தவிப்பதும் புதிதன்று. பக்கவிளைவு என்று நாம் ஒதுக்கும் அந்த மயக்கத்திற்குப் பின்னால் நெடியதொரு வரலாறு உண்டு.

அதன் தொடக்கம் வியன்னா நகரம். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1916-17 குளிர்காலத்தில் அங்கே விந்தையான மூளை அழற்சி நோயொன்று தோன்றிற்று. நோயுற்றோருள் பலர் வாரக்கணக்கில் உறங்கினர், உண்ணும்போதே கண்ணயர்ந்தனர். வேறு சிலரோ உறக்கமின்றி வாடினர். மருத்துவர் கான்ஸ்டான்டின் ஃபான் எகனாமோ, இறந்தோரின் மூளைகளைப் பொறுமையுடன் ஆராய்ந்தார். மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸின் பின்புறம் சிதைந்தோர் உறங்கிக் கிடந்தவர்கள்; முன்புறம் சிதைந்தோர் உறங்காதவர்கள். விழித்திருப்பதற்கென்றே மூளையில் ஓரிடம் செயற்படுகிறது என்று அவர் முடிவு கண்டார். நுண்ணோக்கியும் நோயாளியின் படுக்கையும் மட்டுமே துணையாக இருந்த காலத்தில் எத்தகைய கூர்மை!

ஹிஸ்டமின் கதை வேறு பாதையில் நடந்தது. 1910-இல் இங்கிலாந்தில் ஹென்றி டேலும் லெய்ட்லாவும் அது உடலில் ஆற்றும் வினைகளை விளக்கினர். 1937-இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் டேனியல் பொவேயும் ஆன்-மரி ஸ்டாபும் அதைத் தடுக்கும் முதற்பொருளைக் கண்டனர். 1940-களில் அவ்வகை மருந்துகள் மக்களிடம் வந்தன. தும்மல் நின்றது, உண்டவர் உறங்கினர்.

1984-இல் ஜப்பானின் வத்தனாபே குழுவினரும் பெர்ட்டி பனுலா குழுவினரும் தனித்தனியே விடை தந்தனர். ஹிஸ்டமினையோ அதை ஆக்கும் நொதியையோ பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களால் எலியின் மூளையை ஆராய்ந்தபோது, ஒரே இடத்தில் அச்செல்கள் திரண்டிருந்தன. அது எகனாமோ சுட்டிய ஹைப்போதலாமஸின் பின்புறமே! மனித மூளையில் அவை ஏறத்தாழ 64,000 மட்டுமே; ஆயினும் அவற்றின் இழைகள் மூளையெங்கும் பரவுகின்றன. விழிப்பில், சிறப்பாகக் கவனம் கூர்மையடையும்போது அவை இயங்கும், உறக்கத்தில் ஓய்ந்துவிடும். (விழிப்பைக் காக்கும் வேறு செல்களும் அப்பகுதியில் உண்டு.)

குளோர்பெனிரமின் போன்ற பழைய மருந்துகள் மூளைக்குள் புகுந்து இச்செல்கள் அனுப்பும் செய்தியைத் தடுக்கின்றன. பெக்ஸோபெனடின் போன்ற பிந்தியவை பெரும்பாலும் புகுவதில்லை. சளி மாத்திரைகள் பலவற்றில் இன்றும் பழையதே கலந்திருக்கிறது. வண்டி ஓட்டுபவரும் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளும் உள்ள வீட்டினர் மருந்தாளரிடம் எது எனக் கேட்டு வாங்குவது நலம்.