பீர் குழாயை யார் கழுவுவது?

இங்கே பெங்களூர்ல சின்னக் கடைக்குக்கூட குளிர்பானக் கம்பெனிக்காரங்க ஃப்ரிட்ஜ் கொடுப்பாங்க. சும்மா இல்லை, உள்ளே அவங்க பாட்டில்தான் இருக்கணும். இந்த வித்தையை அமெரிக்க பீர் கம்பெனிகள் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே செஞ்சு பார்த்தாச்சு.

அங்கே சலூன்னா முடிவெட்டற கடை இல்லீங்க, மதுக்கடை. லைசென்ஸ் பணத்துல இருந்து மேசை நாற்காலி வரை கம்பெனி கொடுக்கும். கடைக்காரர் அந்த ஒரு பீரைத்தான் விற்கணும். கடனை அடைக்க ஊத்திக்கிட்டே இருந்தார். 1920-ல் மதுவிலக்கு வந்ததுக்கு இந்தக் கூத்தும் ஒரு காரணம்.

1933-ல் மதுவிலக்கு போச்சு. பழைய கதை திரும்பக் கூடாதுன்னு 1935-ல் ஃபெடரல் ஆல்கஹால் அட்மினிஸ்ட்ரேஷன் சட்டம் வந்தது. பொருளோ சேவையோ கொடுத்துக் கடையை வளைச்சு, போட்டியாளர் சரக்கை வெளியே தள்ளக் கூடாது.

ஆனா ஒரு சிக்கல். குழாயில் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் படிஞ்சா பீர் புளிக்கும். கெட்ட பேர் கம்பெனிக்குத்தான். அதனால குழாய் கழுவும் சேவையை இலவசமாவே செய்யலாம்னு விதியில் இடம் வெச்சிருக்காங்க. குழாய், வாஷர் மாதிரி சாமான்களை விற்கலாம். ஆனா அடக்கவிலைக்குக் குறையக் கூடாது, 30 நாளுக்குள் காசை வாங்கிடணும். பீர் விஷயத்தில், மாநிலச் சட்டமும் இதே மாதிரி இருந்தாத்தான் இந்த ஃபெடரல் கட்டுப்பாடு செல்லும்.

கழுவிக் கொடுத்தா உதவி, குழாயையே சும்மா கொடுத்தா கயிறு. நாளைக்கு வேற பீர் வாங்கற சுதந்திரம் கடைக்காரருக்கு மிஞ்சுதா? அளவுகோல் அவ்வளவுதாங்க.